ஆளுக்குப் பாதி மலை

நம் செட்டில் பாதிப் பேர் இப்போது ஆட்டோவில்தான் மலை சுற்றுகிறோம். மீதிப் பேர் சுற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறோம். முழங்கால் என்று ஒரு உறுப்பு இருப்பதே நாற்பது வயது வரை தெரியாது. அதற்குப் பிறகு வேறு உறுப்பு எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஆகவே, தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தோழிகளே, தோழர்களே, எழுந்திருக்க வேண்டாம். நான் நடந்த நடையை நீங்கள் உட்கார்ந்தபடியே கேட்கலாம்.

போன மாதம் நம்மில் ஒருத்தி தன் மகள் விவகாரத்தை என்னிடம் கொண்டுவந்தாள். மகளும் மாப்பிள்ளையும் பிரிந்தாயிற்று. பேரன் எந்தெந்தக் கிழமை யாரிடம் இருப்பது என்று பேசி முடிக்க வேண்டும். "உனக்குத்தான் இதுல அனுபவம்" என்றாள், ஏதோ நான் அதில் எம்.ஏ. படித்தவள் மாதிரி. எனக்கு அனுபவம் உண்டுதான். பந்துக்குக் கால்பந்தாட்டத்தில் உள்ள அனுபவம்.

என் அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊருக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அவர் சைக்கிளில் ஏறித்தான் முக்தியைத் தேடிப் போவார்கள். பஞ்சரோடு திரும்பி வருவார்கள். அம்மா தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். இரண்டு பேரும் ஏன் பிரிந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். இந்த வயதிலும் எனக்கு முழுசாகத் தெரியாது. நைனாவின் அக்கா, அதாவது என் அத்தை, அந்தக் கதையில் அடிக்கடி வருவார் என்பது மட்டும் தெரியும். ஒரு நாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் டிரங்குப் பெட்டியோடு, வட ஒத்தவாடைத் தெருவில் இருந்த மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு ஒன்பது வயது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். பாதிப் பெடல் வரை வந்திருந்தது. அது அங்கேயே நின்றுவிட்டது. இன்று வரை எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. சைக்கிள் கடைக்காரர் மகள்.

பேசி வைக்க ஒரு வக்கீல் வந்தார். நல்ல மனுஷர். அதுதான் கஷ்டமே. கெட்ட மனுஷராக இருந்திருந்தால் யாராவது அவர் பேச்சை எதிர்த்திருப்பார்கள். இப்போது கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்கால் அப்போது வெறும் காலிமனையும் கருவேலமும். அதன் நடுவில் அவர் புதுவீடு கட்டியிருந்தார். சுண்ணாம்பு ஈரம் காயாத வாசம். என்னை வராந்தாவில் உட்கார வைத்து, உள்ளே என்னைப் பங்கு போட்டார்கள். ஜன்னலுக்கு இன்னும் கதவு போடவில்லை என்பது யாருக்கும் நினைவில்லை.

"ஞாயித்துக்கெழம அனுப்புங்க" என்றார் நைனா.

"ஞாயித்துக்கெழம உனக்கு யாவாரம். கொழந்த அங்க வந்து டியூபுக்குக் காத்தடிக்கவா?" இது மாமா.

"அப்போ சாயங்காலமா வூட்டுக்கு அனுப்புங்க."

"வூட்ல உங்க அக்கா இருக்குதே" என்றாள் அம்மா. "என்னப் பத்தி அது பேசறதையெல்லாம் எம்பொண்ணு கேட்டுக்கினு வரணுமா?"

"சரி, நானே அங்க வந்து பாத்துட்டுப் போறேன்."

நைனா தன் வாசலை மிதிக்கக் கூடாது என்று மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார். மாமா வாசலை மிதிக்க மாட்டேன் என்று நைனாவும் சொல்லியிருந்தார். அன்று இரண்டு பேருக்கும் முழு உடன்பாடு இருந்த ஒரே விஷயம் அதுதான். அதனால் நைனா தன் பேச்சைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு வக்கீல் கேட்டார்: "ரெண்டு பேரும் பௌர்ணமிக்கு மலை சுத்துவீங்களா?"

"அது சுத்தாமயா?" இரண்டு குரலும் ஒன்றாக வந்தது. என் அம்மாவும் நைனாவும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் கடைசி.

"அப்போ அங்கயே வெச்சிக்குங்க. கோபுரத்துலேருந்து ஆதி அண்ணாமலை வரைக்கும் கொழந்த அம்மாவோட நடக்கட்டும். அங்கேருந்து ஊருக்குள்ள வர்ற வரைக்கும் அப்பாவோட. ஆளுக்குப் பாதி மலை. சாமி பாத்துக்கினு இருக்கறப்போ யாரும் சண்ட போட மாட்டீங்க."

மாமா தன் பங்குக்கு ஒரு நிபந்தனை சேர்த்தார். "கைமாத்தறப்போ பேச்சு கூடாது. என் தங்கச்சி குடுத்துட்டு முன்னால போய்டுவா. இவரு பின்னாலதான் வரணும். ஒட்டி வரக் கூடாது. கோபுரத்தாண்ட நான் நின்னு கொழந்தைய வாங்கிக்குவேன்."

எல்லோருக்கும் திருப்தி. வக்கீல் வீட்டம்மா காபி கொடுத்தார்.

வெளியூர்க்காரர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையை வலமாக மட்டும்தான் சுற்றலாம். கிளம்பிவிட்டால் பாதியில் திரும்பக் கூடாது. முன்னால் போய்த்தான் வீடு வந்து சேர வேண்டும். ஆகவே என்னை ஒப்படைத்த பிறகு அம்மாவும் வந்த வழியே திரும்ப முடியாது. அவளும் மிச்சப் பாதியை நடந்தாக வேண்டும். அதாவது நாங்கள் மூன்று பேரும் ஒரே ரோட்டில், ஒரே திசையில், ஒரே ஊரை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தோம். நடுவில் மாமா போட்ட இடைவெளி.

இதில் இன்னொரு விசேஷம். முதல் பாதி செங்கம் ரோடு வழியாகத்தான் போகும். நைனாவின் கடையைத் தாண்டித்தான் நைனாவைப் பார்க்கப் போக வேண்டும். கடை வரும்போது அம்மா ஆசிரமத்துப் பக்கம் எதையோ பார்ப்பாள். நான் கடையைப் பார்ப்பேன். கதவு சாத்தியிருக்கும். சாயங்காலமே நைனா சைக்கிளில் ஆதி அண்ணாமலைக்குப் போய், கோயில் பக்கத்து டீக்கடையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, எங்களுக்காக நின்றுகொண்டிருப்பார். சைக்கிளை மறுநாள் போய் எடுத்து வருவார். பௌர்ணமி ராத்திரி முழுக்க அது டீக்கடையில் தனியாக நிற்கும். எனக்கு அதன் மேல் ஒரு பரிதாபம் இருந்தது. எங்களில் அதற்கு மட்டும்தான் யாருடனும் நடக்க வேண்டிய அவசியமில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அப்போதெல்லாம் இன்றைக்கு மாதிரிக் கூட்டம் கிடையாது. தார் ரோடு பகல் சூட்டை மெதுவாக விட்டுக்கொண்டிருக்கும். வெறுங்காலுக்கு அது முதலில் சுடும், அப்புறம் இதமாக இருக்கும், அப்புறம் சரளைக்கல் வந்துவிடும். புளியமரத்தடியில் இருட்டு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருக்கும். கற்பூரம், வறுத்த வேர்க்கடலை, சாணம். மலை எப்போதும் வலது தோளுக்குப் பக்கத்தில், பேச்சில் கலந்துகொள்ளாத பெரியப்பா மாதிரி கூடவே வரும்.

அம்மா கையில் ஒரு மஞ்சப்பை இருக்கும். அதில் என் செருப்பு, ஒரு ஸ்வெட்டர், ஒரு துண்டு. ஆதி அண்ணாமலை வந்ததும் அம்மா என்னை விட்டுவிட்டுப் பையை நீட்டுவாள். நைனா பையின் அடியைப் பிடித்து வாங்குவார். பையின் காதை அம்மா பிடித்திருப்பதால் இவர் அடியை. விரல் பட்டுவிடக் கூடாதாம். கல்யாணம் செய்துகொண்டு ஒரு குழந்தை பெற்ற ஜனங்கள். பிறகு அம்மா கோயில் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவாள். எப்படிப் போவாள் தெரியுமா? காலை பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி. கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சேலைகளுக்கும் காவி வேட்டிகளுக்கும் நடுவில் கரைந்துபோவாள்.

நைனா கேட்பார், "ஸ்கூலு எப்படி கண்ணு?" நான் சொல்வேன், "வா நைனா, சீக்கிரம்."

இதுதான் என் திட்டம். ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே திட்டம். ரோடு ஒன்று, திசை ஒன்று. அம்மா முன்னால் போகிறாள், நாங்கள் பின்னால் வருகிறோம். வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம். பிடித்துவிட்டால் மூன்று பேரும் சேர்ந்து நடக்கலாம். சேர்ந்து நடந்தால், எப்படியும் முடிவில் எல்லோரும் போய்ச் சேருவது ஊர்தானே, அப்படியே செங்கம் ரோட்டுக்குப் போய்விடலாம். கணக்கில் எனக்குத் தப்பே தெரியவில்லை.

முதல் பாதியிலும் அதே அவசரம்தான். வெளிச்சம் இருக்கும்போதே ஆதி அண்ணாமலை போய்ச் சேர்ந்தால், கால் வலிக்கிறது என்று அம்மா டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் உட்காரலாம். நைனா ஏற்கெனவே அங்கே இருப்பார். ஆகவே அம்மாவையும் இழுத்தேன்.

"அடியே, கையைப் பிச்சி எடுக்காத" என்பாள் அம்மா. அப்புறம், மற்ற யாரிடமோ சொல்கிற மாதிரி, "அப்பங்கிட்ட போறதுன்னா றெக்கை முளைச்சிடும்."

அங்கிருந்து நைனாவை இழுப்பேன். அவர் சிரிப்பார். "இன்னா கண்ணு, மாமா வூட்ல பிரியாணியா?" என்பார். முதல் மாதம் சிரித்தபடி கேட்டார். ஆடி போய் ஆவணி, புரட்டாசி வந்தது. பிறகு சிரிக்காமல் கேட்டார். பிறகு கேட்கவில்லை.

சைக்கிள்காரர் கால் தரையில் பழகாது, அதனால்தான் மெதுவாக நடக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு ஆபீஸ் களைப்பு, அதனால் மெதுவாக நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளே தனியாகப் போகும்போது ஏன் அப்படிப் பறக்கிறாள் என்று யோசிக்கவில்லை. என் கையைப் பிடித்திருக்கிற வரைக்கும் இரண்டு பேரும் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார்கள். ஆளுக்குப் பாதி மலைதான் கிடைத்தது, அதை இழுத்து இழுத்து நீளமாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அதைச் சுருக்கிக்கொண்டே போனேன். இது எனக்குப் புரிந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. மெட்ராஸ் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள், என் முகம் போன போக்கைப் பார்த்து, "வாந்தி வருதா?" என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

எத்தனை இழுத்தும் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. அப்புறம்தான் இடுக்குப் பிள்ளையார் நினைவு வந்தது.

குபேர லிங்கத்துக்குக் கிட்டே இருக்கிற சின்னக் கோயில். ஒரு சந்துக்குள் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, ஊர்ந்து, அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். முதுகுவலி போகும் என்பார்கள். நாள் முழுக்க டைப்ரைட்டர் முன்னால் கூனி உட்காருகிற அம்மா அதை விடவே மாட்டாள். அங்கே வரிசை இருக்கும். அம்மா நின்றாக வேண்டும். உலகத்திலேயே அம்மா நின்றாக வேண்டிய ஒரே இடம்.

மார்கழிப் பௌர்ணமி. பனி. முன்னதாகவே கிளம்பியிருந்தோம். நைனா எனக்கு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, தன் மஃப்ளரையும் என் தலையில் சுற்றினார். கிரீஸ் வாசம் அடித்தது. நான் ஓட்டமும் நடையுமாக அவரை இழுத்தேன். வாயு லிங்கத்தில் அவர் கும்பிடக்கூட நான் விடவில்லை.

"கண்ணு, கொஞ்சம் நில்லேன்."

"அப்புறம் நிக்கலாம் நைனா."

"என்கூட நடக்க உனக்கு இம்மாம் கஷ்டமாவா இருக்குது?"

 கேள்வி காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை என்பதுதான் நிஜம். தூரத்தில் இடுக்குப் பிள்ளையார் கோயில் விளக்கு தெரிந்துவிட்டது. வரிசையும் தெரிந்தது. வரிசையில் பச்சைச் சேலை.

"நைனா, அம்மா! அதோ!"

நைனா பார்த்தார். என் கையை விட்டார்.

"போ" என்றார்.

"நீயும் வா."

"அதுக்குள்ளல்லாம் எனக்கு நொழைய முடியாது. நீ போ கண்ணு."

நான் ஓடினேன். அதற்குள் அம்மா குனிந்து உள்ளே போய்விட்டாள். நானும் பின்னாலேயே நுழைந்தேன். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் ஜனங்களின் வேர்வையும். சில்லென்ற கல் இரண்டு பக்கமும் நெருக்கியது. எனக்கு முன்னால் அம்மாவின் உள்ளங்கால் தெரிந்தது, வெடிப்பும் மண்ணுமாக. அதைத் தொட்டேன். "யாரு காலைப் புடிக்கறது?" என்று அவள் கத்தினாள். வெளியே வந்ததும் திரும்பிப் பார்த்தாள். மஃப்ளரும் தூசியுமாக நான்.

அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. கேட்டுக்கொள்ளுங்கள், நிஜமாகவே வந்தது. நான் பார்த்தேன். அடுத்த நொடி அவள் கண் என் தலைக்கு மேலே தேடியது.

"உங்க நைனா எங்கடி?"

"அந்தப் பக்கம் இருக்காரும்மா. வா."

கோயிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடி வந்தோம். ஆள் இல்லை. ரோட்டைப் பார்த்தோம். நிலா நன்றாக எழும்பியிருந்தது. எல்லோரும் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு முதுகு மட்டும் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. கையில் மஞ்சப்பை.

"யோவ், இன்னாய்யா நீ! எதிர்ல வர்ற?" என்று யாரோ அதட்டினார்கள். "குடிச்சிருக்கியா?"

நைனா ஒதுங்கி ஒதுங்கிப் போனார். வருகிற கூட்டம் அவர் தோளை இடித்துக்கொண்டே போனது. மலை அவருக்கு இடது பக்கம் இருந்தது. ஜென்மத்தில் அப்படி யாரும் நடந்து நான் பார்த்ததில்லை.

"நைனா!" என்று கத்தினேன். அரோகரா சத்தத்தில் அது எங்கே கேட்கும்? ஓடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, வா, போய்ப் புடிச்சிடலாம்."

"திரும்பி நடக்கக் கூடாதுடி."

"அவரு மெதுவாத்தாம்மா நடப்பாரு. புடிச்சிடலாம்."

"கூடாதுன்னா கூடாது."

அவள் விரல் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது. அவளும் அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அடி எடுத்து வைத்தாள் என்று எனக்கு ஒரு ஞாபகம். சத்தியம் செய்ய மாட்டேன். அப்புறம் என்னை ஊர்ப் பக்கம் திருப்பி நடக்க ஆரம்பித்தாள். வலம் மாறாமல்.

மறுநாள் மாமா வீட்டில் சுவர் அதிர்ந்தது. "நடுரோட்டுல வுட்டுட்டுப் போய்ட்டான்! கொழந்தைய நடுரோட்டுல!" மறுபடியும் வேங்கிக்கால். மறுபடியும் வராந்தா. இந்தத் தடவை ஜன்னலுக்குக் கதவு போட்டிருந்தார்கள். ஆனால் சாத்தவில்லை.

"நான் வுடல. அதுவா ஓடிச்சி" என்றது நைனாவின் குரல். "மாசா மாசம் என்னை இழுத்துக்கினு ஓடுது, எப்போடா ஆவும்னு. எங்கூட இருக்கப் புடிக்கல, அவ்வளவுதான். புடிக்காத கொழந்தைய எதுக்கு நடக்க வெக்கணும்?"

"எங்கிட்டயும் அப்பிடித்தான் ஓடுது" என்றாள் அம்மா. ஆனால் மெதுவாகச் சொன்னாள். மாமா பேசிக்கொண்டிருந்தார். யார் காதிலும் அது விழவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த என் காதில் விழுந்தது. அவர்கள் இரண்டு பேரும் அந்த நிமிஷம் ஒருத்தரையொருத்தர் கேட்டிருந்தால் போதும். இரண்டு பேரிடமும் ஒரே புகார்தான் இருந்தது.

குழந்தையையே கேட்டுவிடலாம் என்றார் வக்கீல். நல்லவர் என்றுதான் முன்னமே சொன்னேனே. என்னைத் தனியாக ஒரு ரூமுக்குக் கூட்டிப்போனார். எனக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று தரையில் உட்கார்ந்தார். கையில் க்ரீம் பிஸ்கட் கொடுத்தார்.

"பயப்படாம சொல்லு கண்ணு. எதுக்கு ஓடின?"

"புடிக்கறதுக்கு."

"யார?"

"அம்மாவ."

அவர் தலையை ஆட்டினார். என் கன்னத்தைத் தட்டினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் வாயில் பாதி பிஸ்கட். மீதி வாக்கியம் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது: புடிச்சி, நைனாவோட சேத்து வுடறதுக்கு. நான் விழுங்கி முடிப்பதற்குள் அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு க்ரீம் பிஸ்கட் பிடிக்காது. இதை நான் எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள். நானே சிரிக்கிற மாதிரித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

"பாவம், கொழந்தையப் போயி மலை சுத்த வெச்சோம் பாருங்க" என்று வெளியே அவர் குரல் கேட்டது. "தப்பு என்னோடதுதான். இனிமே நடக்கறதெல்லாம் வேணாம்."

மலை போயிற்று. அதற்குப் பதில் சனிக்கிழமை சாயங்காலம், வக்கீல் வீட்டு முன்ரூம். எனக்கு ஒரு நாற்காலி, நைனாவுக்கு ஒரு நாற்காலி. நடுவில் டீப்பாய், அதன் மேல் பிளாஸ்டிக் பூ. நைனா தேன்மிட்டாய் வாங்கி வருவார். "ஸ்கூலு எப்படி?" என்பார். "நல்லாருக்குது" என்பேன். நடந்துகொண்டே பேசியவர்களுக்கு உட்கார்ந்து பேசத் தெரியவில்லை. ரோடு இல்லை, மரம் இல்லை, காட்டுவதற்கு ஒரு குரங்கு இல்லை. நான் இழுப்பதற்கு அவர் கையும் இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், நகத்தில் கிரீஸோடு. ஒரு சனிக்கிழமை வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அப்புறம் நிறைய வேலை வந்துவிட்டது.

மஞ்சப்பை அவரிடமே தங்கிவிட்டது. மாமா எனக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். பழையது நைனாவின் கடையில், டயர்கள் தொங்கும் ஆணி ஒன்றில், வாரோடு தொங்கிக்கொண்டிருந்தது. செங்கம் பஸ்ஸில் வலது பக்கம் உட்கார்ந்தால் தெரியும். பெரிய பள்ளிக்கூடம் போன பிறகும் தொங்கியது. காலேஜில் சேர்ந்த வருஷமும் பார்த்தேன். அதில் என் பாதிக் கால்கூட நுழையாது. இறங்கிப் போய் "அது என்னோடது" என்று கேட்கத் தைரியம் வருவதற்குள், நைனாவும் இல்லை, கடையும் இல்லை. அந்த இடத்தில் இப்போது ஓர் இத்தாலியன் காபிக் கடை இருக்கிறது. காபி நன்றாகத்தான் இருக்கிறது. குடிக்கத்தான் முடியவில்லை.

தோழிக்கு வருகிறேன். "பேரனைக் கேட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கேக்காம? இந்தக் காலத்துல கொழந்தையக் கேக்காம முடியுமா? 'அப்பாகிட்ட'ன்னான். சரின்னு அப்பிடியே முடிச்சிட்டோம்."

"அதுக்கப்புறமும் ஏதாவது சொல்லிக்கினு இருந்தானா?"

அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வாயில சாக்லேட் வெச்சிருந்தாண்டி" என்றாள். அப்புறம் அவசரமாகக் கிளம்பிவிட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. பேரனிடம் மறுபடி கேட்கப் போயிருக்கிறாள் என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சாயங்காலம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போவாள். நான் பின்னால் வர வேண்டும். கூட வந்தால் பிடிக்காது, "நான் என்ன கொழந்தையா?" என்பாள். ஒரு அடி வைக்கிறாள், நிற்கிறாள். மலையைப் பார்க்கிறாள். இன்னொரு அடி வைக்கிறாள். எனக்குத்தான் இத்தனை மெதுவாக நடந்து பழக்கமில்லை. எதையாவது பிடித்து இழுக்க வேண்டும் போல வலது கை குறுகுறுக்கிறது.

இப்போது அவளை எவ்வளவு மெதுவாக நடக்கிறவரும் பிடித்துவிடலாம். சைக்கிள்காரர்கூட.